நரம்புக் கட்டி தீங்கற்றதா, புற்றுநோயா? ஸ்கேன் படத்தில் பிரித்தறிவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையிலோ காலிலோ கழுத்திலோ ஒரு கட்டி தென்பட்டு, எம்.ஆர்.ஐ. எடுத்து, அறிக்கையில் ‘நரம்பு உறைக் கட்டியாக இருக்கலாம்’ என்ற வரியைக் கண்டவர்கள் கேட்கும் கேள்விகளே இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. மூளைக்குள்ளும் செவி நரம்பிலும் வரும் கட்டிகளின் கணக்கு வேறு என்பதால் அவை இதில் சேர்க்கப்படவில்லை.

நரம்புக் கட்டி என்றால் எந்த நரம்பில் வருவது?

தமிழில் இந்தச் சொல்லால் ஒரு சிக்கல் உண்டு. காலில் புடைத்துத் தெரியும் சிரையையும் நாம் நரம்பு என்கிறோம். அது சுருண்டால் நரம்புச் சுருட்டல் என்கிறோம். சிரையில் போடும் ஊசியும் நரம்பு ஊசிதான். இங்கே பேசப்படுவது இரத்தம் ஓடும் குழாயைப் பற்றியன்று. உணர்வையும் அசைவுக் கட்டளையையும் கொண்டுசெல்லும் நரம்பைப் பற்றியது. அந்த நரம்பிழைகளைச் சுற்றி உறையாக அமைந்திருக்கும் ஷ்வான் செல்களிலிருந்தே பெரும்பாலான நரம்புக் கட்டிகள் தோன்றுகின்றன.

தீங்கற்றவற்றுள் முக்கியமானவை இரண்டு. ஷ்வானோமா என்பது நரம்பின் ஓரத்தில் தனி உறையோடு வளர்ந்து, மற்ற இழைகளைப் பக்கவாட்டில் ஒதுக்கித் தள்ளும். ஆகவே பல நேரங்களில் நரம்பைக் காப்பாற்றிக்கொண்டே கட்டியை மட்டும் உரித்தெடுக்க முடிகிறது. நியூரோஃபைப்ரோமாவில் நரம்பிழைகள் கட்டியின் ஊடாகவே ஓடுகின்றன. அவற்றைப் பிரித்தெடுப்பது கடினம். புற்றாக வருவதற்கு ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து எம்.பி.என்.எஸ்.டி. என்று பெயர். இது சார்கோமா, அதாவது தசை, கொழுப்பு, நரம்புறை போன்ற மென்திசுக்களில் வரும் புற்று வகையைச் சேர்ந்தது. பரவினால் பெரும்பாலும் முதலில் நுரையீரலுக்கே போகும்.

என் கட்டி புற்றாக இருக்க எவ்வளவு வாய்ப்பு?

இதற்குப் பதில் சொல்லுமுன் உங்களுக்கு என்.எஃப்.1 என்ற மரபணுக் கோளாறு இருக்கிறதா என்பது தெரிய வேண்டும். தோலில் பாலும் காபியும் கலந்த நிறத்தில் பல தேமல்கள், அக்குளில் புள்ளிகள், உடலெங்கும் மெத்தென்ற சிறு முடிச்சுகள் ஆகியவை அதன் வெளி அடையாளங்கள். ஏறத்தாழ 3000 பேருக்கு ஒருவரிடம் இது காணப்படுகிறது. இவர்களுக்கு வாழ்நாளில் எம்.பி.என்.எஸ்.டி. வரும் வாய்ப்பு 8 முதல் 13 சதவீதம் என்று பொதுவாக மதிப்பிடப்படுகிறது. எம்.பி.என்.எஸ்.டி. வந்தவர்களைத் திருப்பிப் பார்த்தால் ஏறத்தாழப் பாதிப் பேர் என்.எஃப்.1 உள்ளவர்கள், சுமார் பத்தில் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர். இந்த இரண்டும் இல்லாத ஒருவருக்குத் தனியாக வந்த சிறிய நரம்புக் கட்டி பெரும்பாலும் தீங்கற்றதாகவே இருக்கும்.

கட்டி நரம்பிலிருந்துதான் வந்தது என்பதைப் படத்தில் எப்படிக் கண்டுகொள்கிறார்கள்?

முதல் கேள்வியே இதுதான்; புற்றா இல்லையா என்பது அதற்குப் பிறகு. ஒருவருக்கு முழங்கைக்குச் சற்று மேலே, உட்புறத்தில் பட்டாணி அளவில் ஒரு உருண்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விரலால் தட்டினால் சுண்டுவிரல் வரை சுரீரென்று மின்சாரம் பாய்கிறது. பக்கவாட்டில் நகர்த்தினால் நகர்கிறது. மேலும் கீழுமாகத் தள்ளினால் நகர மறுக்கிறது, ஏனென்றால் அந்தத் திசையில் நரம்பு அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அல்ட்ராசவுண்ட் கருவியை மணிக்கட்டில் வைத்து, சுண்டுவிரலுக்குச் செல்லும் அல்நார் நரம்பைத் தேன்கூடு போன்ற அதன் குறுக்குவெட்டுத் தோற்றத்தால் அடையாளம் கண்டு, அங்கிருந்து கருவியை மெல்ல மேலே நகர்த்திக்கொண்டே போனால், தேன்கூடு ஓரிடத்தில் பருத்துக் கருநிற உருண்டையாகி, அதைக் கடந்ததும் மறுபடி தேன்கூடாகிவிடும். உள்ளே நுழையும் நரம்பும் வெளியேறும் நரம்பும் உருண்டையின் இரு முனைகளிலும் வால்போலத் தெரியும். இந்த வாலைக் கண்டுவிட்டால் பாதி நோயறிதல் முடிந்தது.

எம்.ஆர்.ஐ. படத்திலும் அதே வாலைத்தான் தேடுகிறோம். கூடவே, நரம்பைச் சுற்றி இயல்பாக இருக்கும் கொழுப்பு, கட்டி வளரும்போது இரண்டாகப் பிரிந்து அதன் முனைகளை மெல்லிய வெண்கோடாகத் தழுவி நிற்கும். தசைக்குள் தோன்றும் கட்டிகளில் இது பொதுவாக இருப்பதில்லை. இந்தக் கொழுப்புக் கோடு முழுமையாகத் தெரிவது தீங்கற்ற கட்டியின் பக்கம் சாயும் ஒரு சான்றும்கூட.

ஓர் எச்சரிக்கை: இக்கட்டிகள் அல்ட்ராசவுண்டில் மிகக் கருமையாகவும் பின்புறம் வெளிச்சம் கூடியும் தெரிவதால், அவசரத்தில் பார்ப்பவர் நீர்க்கட்டி என்று எழுதிவிட வாய்ப்புண்டு. கழுத்திலும் அக்குளிலும் நெறிகட்டி என்று எழுதப்படுவதும் உண்டு. வண்ண டாப்ளரில் உள்ளே இரத்த ஓட்டம் தெரிந்தால் அது நீர்க்கட்டி அன்று.

எம்.ஆர்.ஐ.யில் ஆறுதல் தரும் அடையாளங்கள் எவை?

மிகவும் பேசப்படுவது ‘இலக்கு அடையாளம்’. டி2 வகைப் படத்தில் கட்டியின் குறுக்குவெட்டைப் பார்த்தால் ஓரம் வெளுத்தும் நடு கறுத்தும், விழியின் வெண்மைக்கு நடுவே கருமணி இருப்பது போலத் தெரியும். காரணம் எளிது. டி2 படத்தில் நீர் வெள்ளையாகத் தெரியும். தீங்கற்ற கட்டியின் ஓரப்பகுதியில் நீர்ச்சத்து மிகுந்த, கூழ்போன்ற திசு இருக்கிறது. நடுவிலோ நார்த்திசு அடர்ந்திருக்கிறது. கடோலினியம் என்ற ஒளிர்வு மருந்து செலுத்திய பின் எடுக்கும் படத்தில் இது தலைகீழாகி, நடுப்பகுதி ஒளிர்வதும் உண்டு. புற்றுக் கட்டியில் செல்கள் ஒழுங்கின்றிப் பெருகி இந்த உள்ளமைப்பைச் சிதைத்துவிடுவதால், இலக்கு அடையாளம் அதில் அரிதாகவே காணப்படுகிறது. அரிது என்றுதான் சொல்கிறேன். இல்லவே இல்லை என்று சொல்லவில்லை.

அடுத்தது, கட்டிக்குள் நரம்பிழைக் கற்றைகள் இடியாப்ப அச்சின் துளைகளைப் போலச் சிறு சிறு வளையங்களாகத் தெரிவது. நரம்பின் இயல்பான கட்டமைப்பு இன்னும் கலையவில்லை என்பதற்கு இது சான்று. இவற்றோடு, ஓரம் வழுவழுப்பாக இருப்பது, அளவு சிறியதாக இருப்பது, சுற்றியுள்ள தசையில் வீக்கம் இல்லாதிருப்பது, முந்தைய படத்தோடு ஒப்பிட்டால் மாற்றமின்றி இருப்பது ஆகியவற்றைச் சேர்த்துப் படிக்க வேண்டும். இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் கடைசியாகச் சொன்னதையே, அதாவது காலப்போக்கில் மாறாதிருப்பதையே, எடுத்துக்கொள்வேன்.

கட்டி நரம்பின் நடுவில் இருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா என்று அறிக்கைகளில் எழுதப்படுவது ஷ்வானோமாவையும் நியூரோஃபைப்ரோமாவையும் பிரிப்பதற்காக. சிறிய நரம்புகளில் இதை நம்ப முடியாது. புற்றா என்ற கேள்விக்கும் இதனால் பயன் குறைவு.

கவலை தரும் அடையாளங்கள் எவை?

ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அளவு, தெளிவற்ற ஓரம், கட்டியைச் சுற்றிய தசையிலும் கொழுப்பிலும் நீர்கோத்த வீக்கம், உள்ளே திசு அழிந்து உண்டான குழிகள், இரத்தக் கசிவு, மருந்து செலுத்தியபின் விளிம்பு மட்டும் தடித்து ஒளிர்வது, பக்கத்து எலும்பை அரித்து அழிப்பது ஆகியவை அந்தப் பட்டியலில் வரும். எலும்பைப் பற்றி ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்: தீங்கற்ற கட்டியும் பல ஆண்டுகள் அழுத்தி எலும்பில் வழுவழுப்பான பள்ளம் உண்டாக்கும். நீர் ஓடி ஓடிக் கல்லில் விழுந்த குழி போன்றது அது. கறையான் அரித்தது போல விளிம்பு சிதைந்திருந்தால்தான் அச்சம்.

2010ஆம் ஆண்டு ஜப்பானிய மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு நான்கு அடையாளங்களைத் தேர்ந்தது: கட்டியின் பெரிய அளவு, விளிம்பில் ஒளிர்வு, சுற்றுப்புற வீக்கம், உள்ளே நீர்க்குழி. இவற்றுள் இரண்டோ மேலோ இருந்தால் புற்று என்று ஐயப்பட வேண்டும் என்பது அவர்கள் முடிவு. இந்த அளவுகோல் தீங்கற்ற கட்டிகளில் 90 சதவீதத்தைச் சரியாக ஒதுக்கியது. ஆனால் புற்றுக் கட்டிகளில் 61 சதவீதத்தையே பிடித்தது. இந்த இரண்டாவது எண்ணைத்தான் நோயாளிகளிடம் வலியுறுத்துவது வழக்கம். கவலை தரும் அடையாளம் எதுவும் இல்லை என்று அறிக்கையில் இருப்பதைப் புற்று இல்லை என்று படித்துக்கொள்ளக் கூடாது.

அறிக்கையில் ‘உள்ளமைப்பு சீராக இல்லை, நீர்க்குழிகள் உள்ளன’ என்று இருக்கிறது. அப்படியானால் புற்றுதானா?

அவசியமில்லை. பல ஆண்டுகளாக உடலில் இருந்த ஷ்வானோமா உள்ளுக்குள் முதிர்ந்து, சிதைந்து, நீர்க்குழிகளும் பழைய இரத்தக் கசிவும் சுண்ணாம்புப் படிவும் கொண்டு நிற்பதுண்டு. ‘பழைமையான ஷ்வானோமா’ என்றே மருத்துவ நூல்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கின்றன. படத்தில் பார்த்தால் முதல் பார்வைக்குப் பயமுறுத்தும். நுண்ணோக்கியில் பார்த்தால் தீங்கற்றது. அளவும் இதில் பெரிதாகவே இருக்கும், குறிப்பாக வயிற்றின் பின்பக்கத்திலும் இடுப்புக்குழியிலும் வளர இடம் தாராளமாகக் கிடைப்பதால். எனவே ஐந்து சென்டிமீட்டர் என்ற கோட்டை இலட்சுமணன் கோடாக எண்ணிவிடக் கூடாது. இத்தகைய கட்டியில் ஓரம் வழுவழுப்பாகவும், தடித்த உறை முழுமையாகவும், சுற்றுப்புறம் அமைதியாகவும் இருந்தால் மனம் சற்றே ஆறும். ஆனாலும் பயாப்ஸி, அதாவது கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் செய்யும் சோதனை, இல்லாமல் உறுதி சொல்வதற்கில்லை.

டிஃப்யூஷன் படமும் ஏ.டி.சி. அளவும் எதற்கு?

திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக அசைகின்றன என்பதை அளப்பது டிஃப்யூஷன் முறை. கூட்டமில்லாத தெருவில் கைவீசி நடக்கலாம். தேர்த்திருவிழாவன்று அதே தெருவில் ஓர் அடி வைப்பதே கடினம். செல்கள் நெருக்கியடித்துப் பெருகிய கட்டியில் நீரின் நிலை அதுதான், அங்கே ஏ.டி.சி. எண் குறையும். கட்டியின் மிகக் குறைந்த ஏ.டி.சி. அளவு ஒரு நொடிக்கு 1.0 × 10⁻³ சதுர மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் ஐயம் வலுக்கிறது. அதைவிட நன்றாகக் கூடுதலாக இருந்தால் தீங்கற்றதாக இருக்கும் வாய்ப்பு அதிகம். கட்டி முழுவதற்கும் சராசரி எடுத்தால், உள்ளே ஓரிடத்தில் மட்டும் புற்று தொடங்கியிருப்பது அந்தச் சராசரியில் கரைந்துபோகும். அதனால்தான் மிகக் குறைந்த அளவைத் தேடி அளக்கிறார்கள். செல்கள் அடர்ந்த தீங்கற்ற ஷ்வானோமாவும் குறைந்த எண் காட்டலாம் என்பது இதன் பலவீனம். ஊசியும் மருந்தும் தேவையில்லை, சில நிமிடங்களே கூடும் என்பதால், நரம்புக் கட்டிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது இதைச் சேர்க்காமல் விடுவதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை.

கடோலினியம் மருந்து செலுத்தித்தான் ஆக வேண்டுமா?

முதல் முறை எடுக்கும்போது செலுத்துவது நல்லது. விளிம்பு ஒளிர்வையும் உள்ளே செத்த பகுதியையும் அதுவே காட்டும். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மாற்றமின்றி இருக்கும் கட்டியைப் பின்தொடரும் படங்களில் பல நேரம் அது தேவைப்படுவதில்லை.

பெட் ஸ்கேன் எடுத்தால் உறுதியாகத் தெரிந்துவிடுமா?

என்.எஃப்.1 உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இதன் பொருள் வேறு. பெட் ஸ்கேனில் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசி மூலம் செலுத்தி, கட்டி அதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை எஸ்.யு.வி. என்ற எண்ணால் குறிக்கிறார்கள். என்.எஃப்.1 உள்ளவர்களிடம் லண்டனில் செய்யப்பட்ட ஆய்வுகளில், மருந்து செலுத்தி நான்கு மணி நேரம் கழித்து எடுத்த படத்தில் உச்ச எஸ்.யு.வி. 3.5க்கு மேல் இருந்த கட்டிகளில் புற்று இருக்கும் வாய்ப்பு மிகுதியாகத் தெரிந்தது; 2.5க்கும் 3.5க்கும் இடைப்பட்டவை நோயாளியின் அறிகுறிகளோடு சேர்த்து முடிவு செய்யப்பட வேண்டியவை. வழக்கமான ஒரு மணி நேரப் படத்துக்கு இந்த எண்ணை அப்படியே பொருத்தக் கூடாது.

என்.எஃப்.1 இல்லாதவருக்கு வந்த தனி ஷ்வானோமா பெட் ஸ்கேனில் பளிச்சென்று எரியக்கூடும். முற்றிலும் தீங்கற்ற ஷ்வானோமா 3.5ஐத் தாண்டுவது புதுமையன்று. வேறொரு புற்றுக்காகப் பெட் ஸ்கேன் எடுத்தவரிடம் இப்படியொரு ஷ்வானோமா தற்செயலாக ஒளிர்ந்து, நோய் பரவிவிட்டது என்று குடும்பமே இடிந்துபோவதும், பிறகு எம்.ஆர்.ஐ.யில் இருமுனை வால் தெரிந்து மூச்சு வருவதும் நடப்பதுதான்.

எனக்கு என்.எஃப்.1 இருக்கிறது, உடலில் பல கட்டிகள். எதைக் கண்காணிப்பது?

தோலில் உள்ள மெத்தென்ற முடிச்சுகளைப் பற்றிப் புற்று என்ற கோணத்தில் கவலை வேண்டியதில்லை. கண்காணிக்க வேண்டியது ஆழத்தில் உள்ள பிளெக்ஸிஃபார்ம் நியூரோஃபைப்ரோமாவை. ஒரு நரம்பும் அதன் கிளைகளும் நீளத்துக்கும் தடித்து, மண்புழுக்கள் பின்னிக் கிடப்பது போல எம்.ஆர்.ஐ.யில் தெரியும் கட்டி இது. ஒவ்வொரு புழுவின் குறுக்குவெட்டிலும் சிறு இலக்கு அடையாளம் காணலாம். குழந்தைப் பருவத்தில் இது வேகமாக வளர்வது இயல்பு. வளர்ந்த பெரியவரிடம் வளர்ந்தால்தான் ஏன் என்று கேட்க வேண்டும்.

அந்தப் பின்னலுக்குள், சுற்றியுள்ளவற்றிலிருந்து விலகித் தனியாக நிற்கும் ஒரு முடிச்சு, மூன்று சென்டிமீட்டருக்கு மேல், இலக்கு அடையாளம் இல்லாமல் இருக்கிறதா என்பதையே கண் தேட வேண்டும். கதிரில் ஒரு மணி மட்டும் நிறம் மாறித் திரண்டு நிற்பதைப் போல அது துருத்தும். அப்படிப்பட்ட முடிச்சு சாதாரண நியூரோஃபைப்ரோமாவுக்கும் புற்றுக்கும் இடைப்பட்ட நிலையில் இருக்கலாம். நோய்க்குறியியல் வல்லுநர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்து, புற்றாவதற்கு முந்தைய படியாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். இந்த நிலையிலேயே எடுத்துவிட முடிந்தால் பலன் மிகப் பெரிது. பருவ வயது முடிந்து பெரியவராகும் கட்டத்தில் ஒருமுறை முழு உடல் எம்.ஆர்.ஐ. எடுத்து, எந்தெந்த இடத்தில் எவ்வளவு உள்ளது என்று பதிவு செய்துவைக்கப் பல வல்லுநர்கள் பரிந்துரைப்பதும் இதற்காகத்தான். பின்னாளில் ஒப்பிட ஒரு தொடக்கப் பதிவு வேண்டும்.

சி.டி. ஸ்கேனும் எக்ஸ்ரேயும் உதவுமா?

கட்டியின் தன்மையை அறிய அதிகம் உதவா. முதுகெலும்பின் நரம்புத்துளை அகன்றிருப்பதையும் எலும்பு அரிப்பின் விளிம்பையும் சி.டி. நன்றாகக் காட்டும். புற்று உறுதியானால் நுரையீரலைப் பார்க்க மார்பு சி.டி. கட்டாயம்.

படம் நன்றாக இருக்கிறது. ஆனால் வலி கூடுகிறது. எதை நம்புவது?

வலியை நம்புங்கள். கட்டியைத் தொடாதபோதும் ஓயாத வலி, தூக்கத்தைக் கலைக்கும் வலி, சில வாரங்களிலோ மாதங்களிலோ கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சி, மெத்தென்று இருந்தது கல்லாக இறுகுவது, புதிதாகத் தோன்றும் மரத்துப்போதலோ கை கால் பலவீனமோ, இவற்றில் எது வந்தாலும் ஆறு மாதம் முன்பு எடுத்த நல்ல படம் செல்லாது. புதிதாக எடுக்க வேண்டும். தீங்கற்ற ஷ்வானோமாவும் தட்டினால் சுரீரென்று வலிக்கும் என்பதை முன்பே பார்த்தோம். வலி இருக்கிறதா என்பதைவிட வலியின் போக்கு மாறியிருக்கிறதா என்று கேட்பதே சரி.

பயாப்ஸி எடுத்தால் பரவிவிடும் என்கிறார்களே?

‘கத்தி பட்டால் பரவும்’ என்பது நம் ஊரில் தலைமுறைகளாகச் சொல்லப்படுவது. இதில் ஒரு சிறு உண்மை இருக்கிறது: ஊசி போன பாதையில் செல்கள் தங்க வாய்ப்புண்டு. அதனால்தான் பின்னர் அறுவை செய்யப்போகும் மருத்துவரைக் கலந்தே, அந்தப் பாதையையும் கட்டியோடு சேர்த்து எடுத்துவிடும்படி, தடித்த ஊசி கொண்டு படம் பார்த்தபடி பயாப்ஸி எடுக்கப்படுகிறது. என் பார்வையில் ஸ்கேன் படத்தின் மிகப் பெரிய பயன் இந்த இடத்தில்தான். பதினைந்து சென்டிமீட்டர் கட்டியில் கண்ணை மூடிக்கொண்டு ஊசி செலுத்தினால் தீங்கற்ற பகுதியோ செத்த பகுதியோ மட்டும் வந்து ஏமாற்றும்; பெட் ஸ்கேனில் மிகுதியாக எரியும் இடத்தையும் ஏ.டி.சி. மிகக் குறைந்த இடத்தையும் குறிவைத்தால் விடை கிடைக்கும். எல்லா அடையாளங்களும் தீங்கற்றதையே காட்டும் சிறிய கட்டிக்கு ஊசி தேவையா என்பது வேறு. அங்கே ஊசி நரம்பைக் குத்திக் கடும் வலி தரலாம், உண்டாகும் தழும்பு பின்னர் கட்டியை உரித்தெடுப்பதைக் கடினமாக்கலாம்.

உண்மையில் அஞ்ச வேண்டியது பயாப்ஸி இல்லாமல், எம்.ஆர்.ஐ.யும் இல்லாமல், கொழுப்புக் கட்டி என்று எண்ணி மரத்துப்போக ஊசி போட்டு அறுத்தெடுப்பதை. கட்டியோடு நரம்பும் போய்விடலாம். புற்றாக இருந்தால் பாதி எடுத்துப் பாதி விட்ட நிலை ஏற்பட்டு, அடுத்த அறுவை பல மடங்கு பெரிதாகும்.

அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது நான் செய்ய வேண்டியது என்ன?

தீங்கற்றதாகத் தெரியும் கட்டியைக் கண்காணிக்க முடிவெடுத்தால், முதல் ஆண்டில் ஆறு மாதத்துக்கொருமுறை எடுத்து, மாறாதிருந்தால் இடைவெளியை நீட்டுவது பொதுவான நடைமுறை. பழைய ஃபிலிமை மட்டும் கொண்டுவராமல் குறுந்தகட்டில் பதிந்த படங்களையும் கொண்டுவாருங்கள். ஃபிலிமில் அச்சான சிறு கட்டங்களில் அளவெடுத்து ஒப்பிடுவது துல்லியமாக வராது. முடிந்தால் அதே மையத்தில், அதே முறையில் எடுக்கச் சொல்லுங்கள். பரிந்துரைச் சீட்டில் வெறுமனே ‘தொடைக் கட்டி’ என்று எழுதியிருந்தால், என்.எஃப்.1 இருப்பதையும், முன்பு கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றதையும், எப்போதிலிருந்து வளர்கிறது என்பதையும் நீங்களே சொல்லி எழுதவையுங்கள். படம் படிப்பவர் உங்களைப் பார்க்காமலே அறிக்கை எழுத நேரிடலாம். அவர் கையில் இருப்பது அந்தச் சீட்டு மட்டுமே.